உள்ளூர் அணி, ஊர் மாறும் சேனல்: அமெரிக்க பேஸ்பால் ஒளிபரப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜர் லீக் பேஸ்பாலில் (எம்எல்பி) 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் சீசனுக்கு 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. 2023க்குப் பிறகு பாதிக்கும் மேற்பட்ட அணிகளின் உள்ளூர் ஒளிபரப்பு ஒரு முறையாவது கைமாறிவிட்டது. போன வருடம் வந்த சேனலில் இந்த வருடமும் வரும் என்று ரிமோட்டை எடுத்தவர்கள் பலர் வெறும் திரையைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் இவை.

ஸ்டேடியத்திலிருந்து பத்து மைலில் இருக்கிறேன். எம்எல்பி டிவிக்குப் பணமும் கட்டினேன். எல்லா அணியும் வருகிறது, என் அணி மட்டும் வரவில்லை. ஏன்?

எம்எல்பி டிவி என்பது லீக்கின் இணைய ஒளிபரப்பு; வெளியூர்க்காரருக்கான சந்தா. 2002இல் தொடங்கியதிலிருந்தே அதன் அடிப்படை அதுதான். நீங்கள் எந்த அணியின் எல்லைக்குள் இருக்கிறீர்களோ அந்த அணியின் நேரலை உங்களுக்கு மறைக்கப்படும். ரசிகர்கள் இதை பிளாக்அவுட் என்பார்கள். சொந்த ஊரில் நடக்கும் ஆட்டம் மட்டுமல்ல, உங்கள் அணி வெளியூர் போய் ஆடினாலும் மறைப்பு உண்டு.

உரிமையை விற்கும் முறையிலிருந்து வருகிறது இது. ஐபிஎல்லில் எல்லா அணிகளின் ஆட்டங்களையும் கிரிக்கெட் வாரியமே மொத்தமாக விற்கிறது. பேஸ்பாலில் விற்பவர்கள் இரண்டு பேர். நாடு முழுக்கப் போகும் ஆட்டங்களையும் வெளியூர் சந்தாவையும் லீக் விற்கும். மிச்சமுள்ள பெரும்பாலான ஆட்டங்களை, தன் எல்லைக்குள் மட்டும் காட்டும் உரிமையாக, ஒவ்வொரு அணியும் தனித்தனியே விற்கும். அதை வாங்கியவை வட்டார விளையாட்டுச் சேனல்கள். "இந்த எல்லைக்குள் எங்களைத் தவிர வேறு யாரும் காட்டக்கூடாது" என்பதற்காகத்தான் அவை பெரும் பணம் கொடுத்தன. உங்கள் பிளாக்அவுட் அந்த வாக்குறுதியின் மறுபக்கம்.

மறைக்கப்பட்ட ஆட்டம் முடிந்து ஏறத்தாழ 90 நிமிடம் கழித்து எம்எல்பி டிவியில் முழுப் பதிவாகக் கிடைக்கும். முடிவு தெரியாமல் காத்திருக்க முடிந்தால் அதுவும் ஒரு வழிதான்.

உள்ளூர் எல்லை என்பது எவ்வளவு தூரம்? யார் வரைந்தது?

தூரக் கணக்கே கிடையாது. கேபிள் காலத்தில் அணிகளுக்குள் பங்கு பிரித்த வரைபடம் அது. இன்றும் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் எண்) வாரியாக அதுதான் நடைமுறை. ஒரே ஜிப் கோடு பல அணிகளுக்குச் சொந்தமாக இருக்கலாம்.

இதில் அதிகம் அடிபட்டது ஐயோவா மாநிலம். அங்கே ஒரு மேஜர் லீக் அணிகூட இல்லை. ஆனால் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் ஆகிய ஆறு அணிகள் அதைத் தங்கள் ஊர் என்று உரிமை கொண்டாடின. தலைநகர் டெமாயினிலிருந்து ராயல்ஸின் ஊரான கான்சஸ் சிட்டிக்கே சுமார் 200 மைல். இந்த ஆறு அணிகளின் சேனல்களையும் கொடுக்கும் கேபிள் இணைப்பு அங்கே கிடைப்பது அரிது. வெளியூர் சந்தாவிலோ ஆறும் மறைக்கப்படும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். லாஸ் வேகஸ் ரசிகர்களுக்கும் நீண்டகாலம் ஆறு அணிகள் மறைக்கப்பட்டன.

உங்கள் ஜிப் கோடு எந்தெந்த அணிக்குள் வருகிறது என்று லீக்கின் இணையதளத்தில் பிளாக்அவுட் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். எந்தச் சந்தா வாங்குவதற்கு முன்பும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. முப்பது நொடிதான் ஆகும். இதைச் செய்யாததால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

இப்படி எல்லை பிரித்து விற்பது சட்டப்படி சரியா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது. அந்த விலக்கு தொலைக்காட்சி உரிமைகளையும் காக்கிறதா என்று ரசிகர்கள் சிலர் வழக்கு தொடுத்தார்கள். வழக்கு 2016 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. ஒரே ஒரு அணியை மட்டும் பார்க்கும் மலிவான வெளியூர் சந்தா அப்போது கிடைத்ததுதான். உள்ளூர் பிளாக்அவுட் அப்படியே நின்றது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வட்டாரச் சேனல்கள் ஏன் கவிழ்ந்தன?

அவை பார்வையாளரை நம்பி ஓடவில்லை, பார்க்காதவரை நம்பி ஓடின. கேபிள் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் இத்தனை டாலர் என்று சேனல் வசூலிக்கும். நூறு வீட்டில் பத்து வீடுதான் பேஸ்பால் பார்க்கும், ஆனால் நூறு வீடும் கட்டும். கேபிள் பில்லில் "வட்டார விளையாட்டுக் கட்டணம்" என்று தனி வரியாக வந்தது அதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். பத்து லட்சம் வீடு, வீட்டுக்கு மாதம் 5 டாலர் என்றால் ஆண்டுக்கு 6 கோடி டாலர். இதே பணத்தை சீசனுக்கு 100 டாலர் என்று ஆப்பில் விற்று எடுக்க 6 லட்சம் பேர் வாங்க வேண்டும். ஒரு நடுத்தர நகர அணிக்கு அத்தனை பேர் கிடைப்பது கடினம். கேபிளை விட்டு வெளியேறிய ஒவ்வொரு வீடும் இந்தக் கணக்கில் ஓட்டை போட்டது. 2010களின் தொடக்கத்தில் சுமார் 10 கோடி அமெரிக்க வீடுகளில் கட்டணத் தொலைக்காட்சி இருந்தது. அதன்பின் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சரிவின் நடுவில்தான் 2019இல் சின்கிளேர் நிறுவனம், டிஸ்னியிடமிருந்து 21 வட்டாரச் சேனல்களை சுமார் 960 கோடி டாலர் மதிப்பில், பெரும்பகுதி கடனில் வாங்கியது. 2021இல் அவற்றுக்கு பாலி ஸ்போர்ட்ஸ் என்று பெயர் மாறியது. சேனல்களை நடத்திய துணை நிறுவனம் டயமண்ட் ஸ்போர்ட்ஸ். அது 2023 பிப்ரவரியில் சுமார் 14 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் விட்டது. மார்ச் 14 அன்று ஹூஸ்டனில் திவால் மனு போட்டது. அப்போது கடன் 800 கோடி டாலருக்கு மேல். 2024 அக்டோபரில் சேனல்களின் பெயர் ஃபேன்டூயல் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் ஆனது. 2025 தொடக்கத்தில் நிறுவனம் மெயின் ஸ்ட்ரீட் என்ற புதுப் பெயரில் திவாலிலிருந்து வெளியே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி தவணைச் சிக்கல். 2026 ஜனவரியில் ஒன்பது அணிகள் ஒப்பந்தத்தை முறித்தன.

டயமண்ட் மட்டும் தனியாகக் கவிழவில்லை. வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி 2023 இறுதியில் இந்தத் தொழிலையே விட்டு விலகியது. கொலராடோ ராக்கீஸுக்கு அதனால் சேனல் இல்லாமல் போனது. சியாட்டிலில் மரினர்ஸ் அணியைக் காட்டிய ரூட் ஸ்போர்ட்ஸ் 2025 சீசனோடு மூடியது.

சீசன் நடுவில் சேனல் பணம் கட்டாமல் போனால் ஆட்டம் திரையிலிருந்தே மறைந்துவிடுமா?

இதுவரை அப்படி நடக்கவில்லை. முதல் சோதனை சான் டியேகோ பாட்ரெஸ். 2023 மே 30 அன்று டயமண்டுக்கான கெடு முடிந்தது, பணம் வரவில்லை. மறுநாள் மயாமியில் நடந்த ஆட்டத்தை லீக்கே கேமரா வைத்துக் காட்டியது. வர்ணனையாளர்கள் அதே ஆட்கள்தான். முதல் சில நாள் ஆப்பில் இலவசம். பிறகு மாதம் 19.99 டாலர். பாட்ரெஸ் ஆட்டத்தைப் பார்க்க வாய்ப்புள்ள வீடுகள் சுமார் 11 லட்சத்திலிருந்து 32 லட்சமாக உயர்ந்தன என்று லீக் அப்போது கணக்குச் சொன்னது. ஜூலையில் அரிசோனா டைமண்ட்பேக்ஸும் அதே வழியில் வந்தது. 2024இல் ராக்கீஸ், 2025இல் கிளீவ்லாண்ட் கார்டியன்ஸும் மினசோட்டா ட்வின்ஸும், 2026க்கு மரினர்ஸும் நேஷனல்ஸும் சேர்ந்தன. மெயின் ஸ்ட்ரீட்டை விட்டு வந்த பல அணிகளும் இந்த வரிசையில் நின்றன.

ரசிகருக்கு இது நல்ல மாற்றம்தான். ஊரில் இருந்துகொண்டே, கேபிள் இல்லாமல், பிளாக்அவுட் இல்லாமல் பார்க்கலாம். பணம் இழந்தது அணி. 2023இல் அந்த அணிகளுக்குப் பழைய ஒப்பந்தத் தொகையில் 80 சதவீதம் வரை லீக் ஈடு கொடுத்தது. அது நிரந்தர ஏற்பாடாக இருக்கவில்லை.

என் அணி இப்போது யார் கையில்? எப்படிக் கண்டுபிடிப்பது?

அணியின் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒளிபரப்பு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே சேனல் பெயர் போட்டிருக்கும். மொத்த அட்டவணையையும் ஒரு முறை மேலிருந்து கீழே பாருங்கள்; விதிவிலக்கான நாட்கள் அதில்தான் தெரியும். பொதுவாக அணிகள் நான்கு வகைக்குள் வரும்.

லீக்கே ஒளிபரப்பைத் தயாரிக்கும் அணி என்றால் வேலை சுலபம். 2025இல் அந்த அணிகளின் உள்ளூர் சந்தா மாதம் 19.99 அல்லது சீசனுக்கு 99.99 டாலர். கேபிளிலும் ஒரு எண்ணில் வரும், ஆனால் பழைய எண்ணில் வராது. 2026 முதல் பாட்ரெஸ், ராக்கீஸ், டைமண்ட்பேக்ஸ், கார்டியன்ஸ், ட்வின்ஸ், மரினர்ஸ் ஆகிய ஆறு அணிகளின் உள்ளூர் ஸ்ட்ரீமிங்கை விற்கும் உரிமை இஎஸ்பிஎன்னுக்குப் போனது. எம்எல்பி டிவியும் அதன் வழியாகத்தான். போன வருடம் வாங்கிய இடத்திலேயே தேடி "விலைப் பட்டியலே காணோம்" என்று குழம்ப வேண்டாம்.

அணிக்கே பங்குள்ள சேனல் இரண்டாவது வகை. யாங்கீஸுக்கு யெஸ், ரெட் சாக்ஸுக்கு நெசன், கப்ஸுக்கு மார்க்கீ. இவை சட்டென்று கவிழாது. விலை கூடுதல்: நெசன் 2022இல் தன் ஆப்பைத் தனியாக விற்கத் தொடங்கியபோது மாதம் 29.99 டாலர் வைத்தது.

மூன்றாவது, அணி புதிதாகத் தானே தொடங்கிய ஏற்பாடு. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2025இல் அப்படிச் செய்தது. ஸ்ட்ரீமிங்குக்கு விக்டரி பிளஸ் என்ற ஆப். சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஊரின் கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி அணிகளோடு சேர்ந்து 2024 அக்டோபரில் ஒரு சேனல் ஆரம்பித்தது.

இன்னும் மூன்றாம் நிறுவனத்தின் கையில் இருக்கும் அணிகள் கடைசி வகை. அந்த அணிகளின் ரசிகர்கள் ஆண்டுச் சந்தா வாங்கவே வேண்டாம். மாதச் சந்தா போதும்.

கேபிள் பில் ஒழுங்காகக் கட்டுகிறேன். திடீரென்று "இந்தச் சேனல் தற்போது கிடைக்காது" என்று வருகிறது. சேனல் மூடிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கேபிள் நிறுவனத்துக்கும் சேனலுக்கும் கட்டணத் தகராறு. ஒப்பந்தம் முடிந்த நள்ளிரவில் சிக்னலை நிறுத்திவிடுவார்கள். 2024 மே 1 அன்று காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனத்தில் பாலி ஸ்போர்ட்ஸ் நின்றது. ஆகஸ்ட் 1 அன்றுதான் திரும்பியது. சீசனில் பாதி போய்விட்டது. திரும்பியபோதும் பழைய பேக்கேஜில் வரவில்லை, விலை கூடிய மேல் அடுக்கில் வைத்தார்கள். "தகராறு முடிந்துவிட்டதாமே, எனக்கு இன்னும் வரவில்லையே" என்பவர்கள் பேக்கேஜின் பெயரைப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கொடுமை லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. டாட்ஜர்ஸ் அணி டைம் வார்னர் கேபிளோடு 25 ஆண்டுக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு 2014இல் ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ சேனலைத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 5 டாலர் கேட்டார்கள். மற்ற நிறுவனங்கள் மறுத்தன. டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்தில் அந்தச் சேனல் வந்தது 2020 ஏப்ரலில். ஆறு சீசன்கள் ஊரின் பெரும்பகுதி வீடுகளில் டாட்ஜர்ஸ் இல்லை. 1950 முதல் அந்த அணிக்கு வர்ணனை சொன்ன வின் ஸ்கல்லி 2016இல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி ஆண்டுகளை அவருடைய ஊரே கேட்க முடியாமல் போனது. கடைசிச் சில ஆட்டங்களை மட்டும் கேடிஎல்ஏ என்ற இலவச நிலையத்திலும் சேர்த்துக் காட்டினார்கள். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை.

இப்படி நடந்தால் முதலில் கேபிள் நிறுவனத்தை அழைத்து, நின்றுபோன நாட்களுக்கு வட்டார விளையாட்டுக் கட்டணத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். கேட்காதவருக்குப் பெரும்பாலும் தானாகக் கழிக்க மாட்டார்கள். அடுத்து, அந்தச் சேனலுக்குத் தனி ஆப் சந்தா இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி ஓட்டலாம். கோபத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறுமுன், புதிய நிறுவனத்தின் சேனல் பட்டியலை உங்கள் ஜிப் கோடு போட்டுப் பாருங்கள். கேபிளுக்குப் பதிலாக இணையத்தில் சேனல்களைத் தரும் யூடியூப் டிவியும் ஹுலுவும் 2020இலேயே சின்கிளேரின் வட்டாரச் சேனல்களைக் கைவிட்டவை. அதை அறியாமல் மாறியவர்கள் ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து அடுத்ததில் விழுந்தார்கள்.

உள்ளூர் சந்தா இருந்தும் வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வரவில்லையே?

அன்றைக்கு உங்கள் அணியின் ஆட்டம் தேசிய உரிமையாக வேறொருவருக்கு விற்கப்பட்டிருக்கும். தேசிய நிறுவனத்துக்குத் தனி உரிமை என்றால் உள்ளூர் சேனலுக்கு அன்று விடுமுறை.

வெள்ளி இரவு இரண்டு ஆட்டங்கள் 2022 முதல் ஆப்பிள் டிவியில். சனிக்கிழமை ஃபாக்ஸ், இது ஆன்டெனாவிலேயே வரும், ஆனால் எந்த ஆட்டம் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஞாயிறு இரவு ஆட்டம் பல்லாண்டு இஎஸ்பிஎன்னில் இருந்தது. 2026 முதல் 2028 வரை என்பிசியும் அதன் பீகாக் ஆப்பும். ஞாயிறு முற்பகல் ஆட்டம் இந்தச் சில ஆண்டுகளில் மட்டும் பீகாக், ரோகு, மறுபடி பீகாக் என்று சுற்றியது. சீசனின் முதல் இரவு ஆட்டமும் ஹோம் ரன் அடிக்கும் போட்டியான ஹோம் ரன் டெர்பியும் நெட்ஃபிளிக்ஸுக்கு. டிபிஎஸ்ஸில் செவ்வாய் இரவு. யாங்கீஸ் ரசிகருக்கு இன்னொரு சேர்க்கை: சில உள்ளூர் ஆட்டங்கள் அமேசான் பிரைமில் மட்டும்.

ஆப்பிளுக்கும் பீகாக்குக்கும் சீசன் முழுக்கக் கட்டாதீர்கள். உங்கள் அணிக்கு அந்த மாதத்தில் அங்கே எத்தனை ஆட்டம் என்று எண்ணிவிட்டு, தேவையான மாதத்தில் மட்டும் சேருங்கள். 2025இல் ஆப்பிள் 12.99, பீகாக் 10.99 டாலருக்கு ஏறின. ஒரே ஒரு ஆட்டத்துக்காக அவ்வளவு கொடுப்பதைவிட அன்றைக்கு ரேடியோ கேட்கலாம் என்பது எங்கள் கட்சி.

மாதச் சந்தா, சீசன் சந்தா: எது லாபம்?

2026 சீசன் மார்ச் 25 முதல் செப்டம்பர் 27 வரை. மாதம் 19.99 என்றால் ஆறு மாதம்தானே, 119.94 என்று தோன்றும். மார்ச் 26 அன்று சேர்ந்தால் ஆறாவது தவணை செப்டம்பர் 25 அன்றே தீர்ந்துவிடும். கடைசி சனி, ஞாயிறுக்காக ஏழாவது தவணை விழும், மொத்தம் 139.93. சீசன் சந்தா 99.99 என்றால் ஐந்து தவணைக்கு மேல் போகும் எவருக்கும் அதுவே லாபம்.

ஆனால் விலையைவிட முக்கியம் விற்பவர் யார் என்பது. லீக்கோ அணியோ நேரடியாக விற்றால் சீசன் சந்தாவுக்குப் போகலாம். தவணை தவறிய வரலாறு உள்ள நிறுவனம் விற்றால் மாதக் கணக்கே நல்லது. எதுவானாலும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை நின்றால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கும். செப்டம்பர் இறுதியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த மறக்காதீர்கள். பிளே-ஆஃப் ஆட்டங்கள் எதுவும் உள்ளூர் சந்தாவில் வராது. அவை முழுக்க தேசிய உரிமை.

ஆப்பில் பணம் கட்டியாகிவிட்டது. "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்கிறது. ஊருக்குள்ளேதான் இருக்கிறேன்.

ஆப் உங்கள் இடத்தைத் தவறாக எடுத்துக்கொள்கிறது. போனில் ஜிபிஎஸ் வழியாகவும், டிவியில் இணைய முகவரி வழியாகவும் இடத்தைக் கணிக்கும். போனில் வருகிறது, டிவியில் வரவில்லை என்றால் கோளாறு இணைய முகவரியில். செல்போன் நிறுவனங்கள் கொடுக்கும் 5ஜி வீட்டு இணையத்தில் இது சகஜம். உங்கள் இணைப்பு வேறொரு நகரத்தில் இருப்பதாகக் காட்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் அதே தொல்லை.

இந்த வரிசையில் பாருங்கள். போனில் அந்த ஆப்புக்கு இட அனுமதி, துல்லிய இடம் இரண்டும் இயங்குகின்றனவா? இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன், ஆப்பிளின் பிரைவேட் ரிலே போன்றவை அணைந்திருக்கின்றனவா? கணக்கில் உள்ள ஜிப் கோடு பழைய வீட்டினுடையதா? கேபிள் கணக்கு வழியாக நுழைகிறீர்கள் என்றால் உங்கள் பேக்கேஜில் அந்தச் சேனல் உண்மையில் இருக்கிறதா? நான்கும் சரியென்றால் மோடத்தை மின்சாரத்திலிருந்து பிடுங்கிச் சில நிமிடம் விட்டுச் செருகுங்கள். புதிய இணைய முகவரி கிடைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் இணைய நிறுவனத்தை அழைத்து முகவரியின் ஊரைத் திருத்தச் சொல்ல வேண்டும். ஆப்பின் உதவி மையத்தால் அதைச் செய்ய முடியாது.

இன்னொரு பொதுவான தவறு, சந்தாவையே மாற்றி வாங்குவது. ஒரே தளத்தில் உள்ளூர் சந்தாவும் வெளியூர் சந்தாவும் அருகருகே இருக்கும். வெளியூர் சந்தாவை வாங்கிவிட்டு உள்ளூர் ஆட்டத்தைத் தேடுபவர்கள் ஏராளம். ரசீதில் பெயரைப் பாருங்கள்.

விபிஎன் போட்டுப் பார்த்தால் என்ன?

சந்தா விதிமுறைக்கு எதிரானது. கணக்கை முடக்க அவர்களுக்கு உரிமை உண்டு. போனில் ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பல சமயம் வேலையும் செய்யாது.

பயணம் போகும்போது?

உள்ளூர் சந்தா எல்லையைத் தாண்டினால் வேலை செய்யாது. வெளியூர் சந்தா நேர்மாறு: நீங்கள் போய் இறங்கிய ஊரின் அணியை மறைக்கும். டென்வரில் வசிக்கும் பாட்ரெஸ் ரசிகர் வெளியூர் சந்தாவில் நிம்மதியாகப் பார்க்கலாம்; பாட்ரெஸ் ராக்கீஸோடு ஆடும் நாட்களிலும் தேசிய உரிமை ஆட்டங்களிலும் மட்டும் இருட்டு. அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்து விற்கும் சந்தா உண்டு. 2025இல் லீக் தயாரிப்பில் இருந்த அணிகளுக்கு அது சீசனுக்கு 199.99 டாலர்.

ஆன்டெனா வைத்தால் இலவசமாகக் கிடைக்குமா?

எல்லா ஆட்டமும் கிடைக்காது. ஃபாக்ஸும் என்பிசியும் காட்டுவது கிடைக்கும். சில அணிகள் சில ஆட்டங்களை உள்ளூர் இலவச நிலையங்களுக்கும் கொடுக்கின்றன. 2025இல் அட்லாண்டா பிரேவ்ஸ் 15 ஆட்டங்களை கிரே நிறுவனத்தின் நிலையங்களில் காட்டியது. சிகாகோவில் ஒயிட் சாக்ஸின் புதிய சேனல் தொடங்கியபோது 62.2 என்ற எண்ணில் ஆன்டெனாவில் வந்தது. ஊரின் பெரிய கேபிள் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்படவே 2025 ஜூன் ஆகிவிட்டது. இலவசமாகக் காற்றில் வருவதற்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று கேபிள்காரர் கேட்பது நியாயம்தானே.

நிலையத்தின் எண்ணும் அது உண்மையில் ஒலிபரப்பும் அலைவரிசையும் வேறாக இருக்கலாம். 7 முதல் 13 வரையுள்ள அலைவரிசைக்கு விஎச்எஃப் வாங்கும் ஆன்டெனா வேண்டும். ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனாக்கள் பல இதில் சொதப்பும். 14 முதல் 36 வரை என்றால் அவையே போதும். அரசின் தகவல் தொடர்பு ஆணையத் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் ஒவ்வொரு நிலையத்தின் திசையும் அலைவரிசையும் வரும். கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். ஒரு கம்பியை இரண்டு டிவிக்குப் பிரித்தால் சிக்னல் பாதிக்கு மேல் குறையும். புதிதாக ஒரு சேனல் வந்ததாகக் கேள்விப்பட்டால் டிவியில் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும், தானாக வராது.

ரேடியோவுக்கும் பிளாக்அவுட் உண்டா?

கிடையாது. ஊரில் இருந்தால் நிலையத்தை வைத்து இலவசமாகக் கேட்கலாம். எங்கிருந்தாலும் எம்எல்பி ஆப்பின் ஆடியோ சந்தாவில் எல்லா அணியும் கிடைக்கும். பேஸ்பால் ரேடியோவுக்கென்றே பிறந்த ஆட்டம் என்று பழைய ரசிகர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. டிவி ஒலியை அணைத்துவிட்டு ரேடியோவைச் சேர்த்துக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ரீமிங் படம் பின்தங்கித்தான் வரும். அடிப்பதற்கு முன்பே ஹோம் ரன் செய்தி காதில் விழும்.

டொராண்டோவில் இருக்கிறோம். ப்ளூ ஜேஸ் பார்க்க எம்எல்பி டிவி போதுமா?

போதாது. கனடா நாடு முழுவதும் ப்ளூ ஜேஸின் எல்லை. வான்கூவரில் இருந்தாலும், ஹாலிஃபாக்ஸில் இருந்தாலும் எம்எல்பி டிவியில் அந்த அணியின் நேரலை மறைக்கப்படும். அணியும் ஸ்போர்ட்ஸ்நெட் சேனலும் ரோஜர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், அமெரிக்காவில் நடந்த திவால் கூத்து இங்கே இல்லை. ஸ்போர்ட்ஸ்நெட் உள்ள கேபிள் இணைப்போ, ஸ்போர்ட்ஸ்நெட் பிளஸ் ஆப்போ இருந்தால் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் கிடைக்கும். ஆப்பிளுக்குப் போகும் வெள்ளிக்கிழமை ஆட்டம் மட்டும் இங்கேயும் ஆப்பிளில்தான். மற்ற 29 அணிகளைப் பார்க்க விரும்பினால் மட்டும் எம்எல்பி டிவி வாங்குங்கள்.

சென்னையிலிருந்து பார்க்க முடியுமா?

உள்ளூர் எல்லை இந்தியாவுக்கு இல்லை என்பதால் அந்த பிளாக்அவுட் தொல்லையும் இல்லை. டொராண்டோவில் மாலை 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மறுநாள் காலை 4.37. ஸ்டேடியத்துக்குப் பக்கத்துத் தெருக்காரருக்கு மறைக்கப்படுவது, அரை உலகம் தள்ளி இருப்பவருக்குக் காலைக் காபியோடு கிடைக்கும்.

இந்தக் குழப்பம் எப்போது தீரும்?

லீக்கின் தேசிய ஒப்பந்தங்கள் எல்லாம் 2028 சீசனோடு முடிகின்றன. ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் அப்போது உள்ளூர் உரிமைகளையும் சேர்த்து ஒரே கட்டாக விற்க விரும்புகிறார். அப்படி நடந்தால் பிளாக்அவுட் வரைபடத்துக்கே வேலை இருக்காது.

தடை பணக்கார அணிகளிடம் இருக்கிறது. டாட்ஜர்ஸ், யாங்கீஸ், ரெட் சாக்ஸ், கப்ஸ் ஆகியவற்றுக்கு உள்ளூர் தொலைக்காட்சி பெரிய வருமானம். உள்ளூர் வருவாயில் 48 சதவீதத்தை ஏற்கெனவே எல்லா அணிகளும் பொதுக் குளத்தில் போட்டுச் சமமாகப் பிரிக்கின்றன. மொத்தத்தையும் போடு என்றால் பெரிய அணிகள் விலை கேட்கும். வீரர்கள் சங்கத்துடனான ஒப்பந்தமும் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. தொலைக்காட்சிப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு சம்பள உச்சவரம்புப் பேச்சோடு பிணைந்துதான் வரும். டாட்ஜர்ஸின் 25 ஆண்டு ஒப்பந்தத்துக்கோ 2028க்குப் பிறகும் பத்து ஆண்டு ஆயுள் இருக்கிறது.